பேரையூர் வழியில் தண்ணீர் குடித்த எஞ்சின்

யுத்தம் முடிந்த மறு வருஷம் புரட்டாசியில் நான் சென்னையிலிருந்து மதுரை மருத்துவமனைக்கு டாக்டராக மாற்றலாகி வந்தேன். வந்து ஏழு வாரமாகியும் மருத்துவமனையையும், அதன் பின்னால் எனக்கு ஒதுக்கியிருந்த அறையையும் தவிர எதையும் பார்க்கவில்லை. ஊருக்கு வெளியே நான் செய்த முதல் பயணம் பேரையூர்ப் பக்கம். தூரம் முப்பத்தாறு மைல். போய்ச் சேர எட்டு மணி நேரம் ஆயிற்று. அந்த எட்டு மணி நேரத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

காலை ஐந்து மணிக்கு வாசலில் ஒரு மனிதர் நின்றார். இடுப்பு வரை சேறு காய்ந்திருந்தது. பெயர் செல்லையா, பேரையூரைத் தாண்டி மலையடிவாரத்தில் இருக்கும் ஒரு சிற்றூரில் விவசாயம். முந்தின நாள் அந்தி சாயும்போது புறப்பட்டு, மழையில் பத்து மைல் நடந்து கல்லுப்பட்டி வந்து, பஞ்சுப் பொதி ஏற்றிய லாரியில் தொற்றிக்கொண்டு மதுரை வந்திருக்கிறார்.

"தங்கச்சிக்கு நேத்து மத்தியானம் பிள்ளை பிறந்துட்டுதுங்கம்மா. பிள்ளை நல்லா இருக்கு. நஞ்சு மட்டும் விழல. ரத்தம் கொஞ்சங் கொஞ்சமாப் போய்க்கிட்டே இருக்கு. வண்டி கட்டிக் கூட்டியாரலாம்னா சக்கரம் அச்சு வரைக்கும் இறங்குது. நீங்கதான் வரணும்."

வண்டியில் கொண்டுவந்திருந்தாலும் அந்தப் பெண்ணின் உயிர் வழியிலேயே போயிருக்கும். நான் போய், மயக்க மருந்து கொடுத்து, கையால் நஞ்சுக்கொடியை எடுத்தாக வேண்டும். மருந்தறையில் குளோரோபாரம் தீர்ந்துபோயிருந்தது. சென்னையிலிருந்து வரவேண்டிய சரக்கு வரவில்லை. ஈதர் ஒரே ஒரு புட்டி, நாலு அவுன்ஸ். அதைப் பஞ்சில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டேன். கூடவே ஸ்பிரிட், சலைன் புட்டிகள், சீழ் பிடிக்காமல் தடுக்கும் ஸல்பா மாத்திரைகள்.

இந்த மழையில் அந்தக் கரிசல் பாதைக்கு எந்த வாடகைக் கார்க்காரரும் வர மாட்டார் என்று காவலாளி சொன்னான். "காதர் பாய் ஜீப்புதான் போகும்" என்றும் சொன்னான். ராணுவம் ஏலம் விட்ட ஜீப் அது. காதர் தெற்குவாசல் பக்கத்துக்காரர், மூன்று வருஷம் மணிப்பூர் எல்லையில் ராணுவ வண்டி ஓட்டியவர், நாற்பது வயதிருக்கும். மைலுக்கு எட்டணா வாடகை. என்ன விஷயம் என்று கேட்டதும் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே வந்து ஏறினார்.

காலை 6.00. தெற்குவாசலைத் தாண்டியதும் மழை விட்டது. கூரையில்லாத வண்டியில் அதுவரை நான் உட்கார்ந்ததில்லை. திருப்பரங்குன்றத்து மலை ஈரத்தில் கறுத்து, உச்சியில் ஒரு மேகத்தை வைத்துக்கொண்டு நின்றது. அதற்குத் தெற்கே நிலம் மட்டமாக விரிந்தது. ஒவ்வொரு கண்மாயும் நிரம்பி, உபரி நீர் வழியும் கலிங்கில் வெள்ளை நுரையாக விழுந்தது. கடற்கரையில் வளர்ந்தவள் நான். தண்ணீர் எனக்குப் புதிதல்ல. ஆனால் கடல் இருக்கிற இடத்தில் இருக்கும். இந்தத் தண்ணீரோ நேற்று வரை இல்லாத இடத்தில், பனைமரத்து இடுப்பளவில், வானத்தைக் காட்டிக்கொண்டு நின்றது.

திருமங்கலம் பன்னிரண்டாவது மைல். குண்டாறு கரையை ஒட்டிச் செந்நிறமாகப் போயிற்று. செல்லையா பின்னால் உட்கார்ந்து எங்கும் பார்க்காமல் தன் கால் விரல்களையே பார்த்தபடி வந்தார். கல்லுப்பட்டியில் ஒரு நிமிஷம் நிறுத்தி, காதர் மூன்று பேருக்கும் தேநீர் வாங்கினார். செல்லையா குடிக்கவில்லை.

"குடிங்க மாப்ள. நீங்க தெம்பா இருந்தாத்தான் தங்கச்சி தெம்பா இருக்கும்" என்றார் காதர். அதன் பிறகு செல்லையா ஒரே மூச்சில் குடித்தார்.

காலை 8.10. கல்லுப்பட்டியைத் தாண்டி ஒரு மைலில் சாலையைக் குறுக்காக ஓர் ஓடை அறுத்துப் போகிறது. கோடையில் அது வெறும் மணல் பள்ளமாம். அன்று நாற்பது அடி அகலத்தில் வண்டல் கலந்த தண்ணீர் சுழன்று ஓடியது. காதர் இறங்கி முழங்காலுக்கு மேல் நனைய எதிர்க்கரை வரை நடந்து பார்த்துவிட்டு வந்தார். பானட்டைத் திறந்து, விசிறியைச் சுழற்றும் வாரைக் கழற்றினார்.

"ஏன்?" என்றேன்.

"விசிறி சுத்துனா தண்ணிய வாரி எஞ்சின் மேல அடிக்கும்மா. முன்சக்கரம் போற எடத்தெல்லாம் நடந்து பாத்துட்டேன். போயிரலாம்."

மெதுவாக இறங்கினோம். தண்ணீர் என் கால்மிதி மேல் வந்தது. பெட்டியை மடியில் தூக்கிக்கொண்டேன். முக்கால் பங்கு கடந்திருப்போம். காதர் நடந்து பார்த்த இடத்துக்கு ஓரடி வலப்புறத்தில் வெள்ளம் குடைந்த பள்ளம் ஒன்று இருந்திருக்கிறது. வண்டியின் மூக்கு திடீரென்று அதில் குத்தியது. பானட் முழுதும் தண்ணீருக்குள் போனது. எஞ்சின் பெரிதாக ஒரு விழுங்கு விழுங்கியது. அந்தச் சத்தத்தை நான் மறக்க மாட்டேன். பிறகு எதுவும் இல்லை, ஓடையின் இரைச்சல் மட்டும்.

நான் ஸ்டார்ட்டரை அழுத்தச் சொல்லி அவசரப்படுத்தினேன். காதர் கையைச் சாவியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"தொடக்கூடாதும்மா. சிலிண்டருக்குள்ள தண்ணி போயிருச்சு. காத்தை அமுக்கலாம், தண்ணிய அமுக்க முடியாது. இப்ப சுத்துனா உள்ள இருக்கிற தண்டு வளைஞ்சிரும். ஏற்கெனவே வளைஞ்சிருக்கான்னும் தெரியல. அல்லா காப்பாத்தணும்."

செல்லையா அதற்குள் ஓடையில் குதித்து எதிர்க்கரை ஏறி ஓடிக்கொண்டிருந்தார். கால் மணியில் இரண்டு ஜோடி மாடுகளோடும் அவற்றின் சொந்தக்காரரோடும் வந்தார். அவர் பெயர் வெள்ளைச்சாமி, அந்தக் கரையில் பருத்திக் காடு வைத்திருப்பவர். வடத்தைக் கட்டி, நாலு மாடும் ஒன்றாகக் குரல் கேட்டு இழுத்தன. வண்டி பள்ளத்திலிருந்து ஒரு பெருமூச்சோடு எழுந்து, எல்லாப் பக்கமும் தண்ணீர் ஒழுக, எதிர்க்கரையில் ஏறி நின்றது.

காலை 9.15. இன்னும் ஒன்பது மைல். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்கத் தயாரானேன். பத்தடி வைத்தேன். கரிசல் மண் ஒவ்வோர் அடிக்கும் ஒரு வீசை செருப்பில் ஏறியது. பதினோராவது அடியில் செருப்பு மண்ணோடு நின்றுவிட்டது, என் கால் மட்டும் வந்தது.

"இதுல நடந்தா பொழுது அடைஞ்சிரும் தாயி" என்றார் வெள்ளைச்சாமி. "நம்ம மாடே வெறும் நடையாப் போகாது."

திரும்பி வந்தேன். காதர் பானட்டைத் திறந்திருந்தார்.

அடுத்த இரண்டு மணி நேரம் நான் பார்த்ததை அப்படியே சொல்ல முயல்கிறேன். எனக்கு மோட்டாரைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவர் செய்வது எனக்குப் புரிந்துகொண்டே வந்ததுதான் ஆச்சரியம்.

முதலில் எஞ்சினின் தலையில் வரிசையாக நின்ற நாலு பிளக்குகளையும் கழற்றித் துணியில் வரிசை மாறாமல் வைத்தார். நாலு துளைகள் தெரிந்தன. எஞ்சினைக் கையால் சுற்ற உதவும் இரும்புக் கைச்சுழற்றியை முன்னால் செருகினார். உடனே சுற்றவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் அதன் மேல் வைத்துக் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார்.

"தண்டு வளைஞ்சிருந்தா ஒரு எடத்துல இடிக்கும். இடிச்சா வேலை இம்புட்டுதான்" என்றார்.

அரைச் சுற்று. ஒரு துளையிலிருந்து செந்தண்ணீர் ஆளுயரத்துக்குப் பீச்சியடித்தது. அடுத்த அரைச் சுற்றில் இன்னொன்று. நாலு துளைகளும் மாறி மாறிப் பீச்ச, வெள்ளைச்சாமியின் மாடுகள் மிரண்டு பின்வாங்கின. காதர் முகமெல்லாம் வண்டல். சுற்றினார், சுற்றினார், காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே சுற்றினார். பீச்சல் தெளிப்பாகி, தெளிப்பு புகையாகி, கடைசியில் துளைகள் வெறும் காற்றை ஊதின.

"இடிக்கலை" என்றார் மெல்ல. பிறகு சத்தமாக, "இடிக்கலை மாப்ள!"

செல்லையா அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். 

அடுத்தது எண்ணெய். எஞ்சினின் வயிற்றுக்கடியில் காதர் சேற்றிலேயே மல்லாந்து படுத்தார். மாற்றி ஊற்ற வேறு எண்ணெய் கிடையாது, உள்ளே இருப்பதில் தண்ணீர் கலந்திருக்கும் என்றார்.  அவர் அடைப்புத் திருகைக் கழற்றாமல் கொஞ்சமாகத் தளர்த்தினார். சொட்டு சொட்டாகத் தண்ணீர் மட்டும் வந்தது. தண்ணீர் கனம், கீழே தங்கும். எண்ணெய் மேலே நிற்கும். ஓடாமல் நின்ற எஞ்சினாதலால் இரண்டும் இன்னும் ஒன்றாகக் கலக்கவில்லை. படுத்தபடியே விரலால் ஒவ்வொரு சொட்டையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். நான் மழையில் நனைந்த தரையில் குந்தியிருந்து அந்த விரலையே பார்த்தேன். ஏறக்குறைய இருபது நிமிஷம். திடீரென்று விரலில் தேன் நிறத்தில் ஒரு சொட்டு நின்றது. உடனே திருகை முறுக்கிவிட்டார். ஒரு கரண்டி எண்ணெய்கூட வீணாகவில்லை.

நான் எத்தனையோ அறுவை சிகிச்சைகளுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறேன். அவ்வளவு பொறுமையான விரலை அதிகம் பார்த்ததில்லை.

பிளக்குகளை வெள்ளைச்சாமியின் மனைவி காய்ந்த பருத்திச் செடித்தண்டான பருத்திமாரை மூட்டிக் காயவைத்தார். கரைமேல் இருந்த தங்கள் குடிசைக்குள் நனையாமல் வைத்திருந்த விறகு அது. பெட்ரோல் குழாயில் இருந்த கண்ணாடிக் கிண்ணத்தைக் காதர் கழற்றி, அடியில் முத்துப் போல் உருண்டு கிடந்த தண்ணீரைக் கொட்டினார். காற்று வடிகட்டியிலிருந்து ஒரு செம்பு தண்ணீரும் ஒரு குட்டித் தவளையும் வந்தன. செல்லையா அன்று முதல்முறையாகச் சிரித்தார். பிளக்குகளுக்கு மின்பொறியைப் பிரித்து அனுப்பும் மூடியைத் துடைக்க உலர்ந்த துணி யாரிடமும் இல்லை. என் பெட்டியைத் திறந்து கிருமி நீக்கிய பஞ்சும் ஸ்பிரிட்டும் கொடுத்தேன்.

"இதைத் தொடவே பயமா இருக்கும்மா, இம்புட்டு வெள்ளையா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே துடைத்தார்.

காலை 10.50. எல்லாவற்றையும் பூட்டிச் சுழற்றியை அடித்தார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அடித்தார். பாட்டரி ஓடைத்தண்ணீரில் சோர்ந்துவிட்டது; பொறிக்குப் போதும், எஞ்சினைச் சுற்றப் போதாது, கைதான் கதி. வெள்ளைச்சாமி அடித்தார், செல்லையா அடித்தார். உள்ளே ஈரமும் குளிரும், பெட்ரோல் ஆவியாகவில்லை என்றார் காதர். மேற்கே சதுரகிரி மலை வரிசை மேகத்துக்குள் நின்றது. அங்கே மறுபடி கறுத்துக்கொண்டு வந்தது.

காதர் முகத்தைத் துடைத்தார். என்னைப் பார்க்காமல் கேட்டார்: "அம்மா, உங்க பெட்டியில ஈதர் இருக்கா? மணிப்பூர்ல வண்டி உறைஞ்சு போனா டாக்டர் தொரைகிட்ட கேட்டு வாங்குவோம். ஒரு கரண்டி உள்ள விட்டா எந்திரிச்சிரும்."

இருந்தது. நாலு அவுன்ஸ். அந்தப் பெண்ணைத் தூங்கவைத்து, கர்ப்பப்பை தளரும் அளவுக்கு மயக்கி, கையை உள்ளே விட்டு எடுத்து முடிக்கக் குறைந்தது மூன்று வேண்டும். குறைந்தால் நடுவில் விழிப்பாள். ரத்தம் வற்றிப்போன உடம்பு அந்த வலியைத் தாங்காது. கொடுக்காவிட்டால் நாலு அவுன்ஸும் ஓடைக்கரையில் என் மடியிலேயே இருக்கும்.

செல்லையாவைப் பார்த்தேன். அவருக்கு விஷயம் புரியவில்லை என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவரிடமே சொன்னேன்: "இது உங்க தங்கச்சிக்கு வச்சிருக்கிற மருந்து. இதுல கொஞ்சம் வண்டிக்குக் கேக்கறார்."

அவர் பெட்டியையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "வண்டி போகலேன்னா மருந்து போகாதேம்மா" என்றார். "கொடுங்க."

ஒரு அவுன்ஸ்தான், அதற்கு மேல் ஒரு சொட்டு கிடையாது என்று காதரிடம் சொன்னேன். ஈதர் சட்டென்று தீப்பிடிக்கும்; பருத்திமார் நெருப்பின் மேல் நாலு குடம் தண்ணீர் கொட்டி, புகை நின்ற பிறகுதான் மூடியைத் திறந்தேன். காதர் பிளக்குகளை மறுபடி கழற்ற, அரை அவுன்ஸ் ஊசிக்குழலில் எடுத்து நாலு துளைகளிலும் விட்டேன். காதர் மளமளவென்று பிளக்குகளைத் திருகினார். செல்லையா அடித்தார். எஞ்சின் ஒருமுறை இருமியது. அவ்வளவுதான். பிளக் பூட்டுவதற்குள் மருந்து பறந்துவிட்டது.

காதர் மறுபடி கேட்கவில்லை. சுழற்றியைப் பிடித்தபடி தலைகுனிந்து நின்றார்.

அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. "பாய், இந்த மருந்தை நாங்க நோயாளிக்கு வாயில ஊத்தறதில்ல. மூக்குகிட்ட காட்டுவோம், அவங்களே இழுத்துக்குவாங்க. உங்க எஞ்சின் எது வழியா மூச்சு இழுக்கும்?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு காற்றுக் குழாயைக் கழற்றி, கார்பரேட்டரின் வாயைக் காட்டினார். "இதும்மா மூக்கு."

மீதி அரை அவுன்ஸைப் பஞ்சில் நனைத்துக் கம்பியில் சுற்றி, அந்த வாய்க்கு நேரே பிடித்தேன். எஞ்சின் எதிர்த்து நெருப்பை உமிழ்ந்தால் பஞ்சு பற்றும் என்று, நனைந்த சாக்கோடு வெள்ளைச்சாமி பக்கத்தில் நின்றார். "இப்ப!" என்றேன். காதர் அடித்தார்.

ஒரு வெடி. இன்னொன்று. பஞ்சை உள்ளே இழுப்பதுபோல் காற்று என் விரல்களைத் தடவிப் போனது. பிறகு நாலும் தடுமாறி, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, ஒரே முழக்கமாக எழுந்தன. பின்னால் புகைக்குழாயிலிருந்து ஒரு வாளி தண்ணீர் வெள்ளிப்பட்டையாகப் பாய்ந்து ஓடைவரை போய் விழுந்தது. காதர் கையால் பெட்ரோலை ஏற்றி இறக்கி அதைச் சாகவிடாமல் வைத்திருந்தார். வெள்ளைச்சாமியின் மனைவி இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினார். நான் படித்தவள், அது பெட்ரோலும் பொறியும் என்று தெரியும். ஆனாலும், தண்ணீர் குடித்துச் செத்த ஒன்று என் விரலருகே மூச்சு இழுத்ததை நான் பார்த்துவிட்டேன்.

காலை 11.40. புறப்பட்டோம். நாலு சக்கரமும் சேர்ந்து சுற்ற, கரிசலில் வண்டி படகுபோல் மிதந்து மிதந்து போனது. பேரையூரில் நிற்கவில்லை. அதற்கப்பால் சாலையே இல்லை. செல்லையா எழுந்து நின்று, காதரின் தோளைத் தட்டித் தட்டி எந்த வரப்பு, எந்த வேலி என்று வழி சொன்னார்.

பகல் 2.00. வீடு. பெண்ணின் பெயர் பேச்சியம்மாள், வயது இருபது. உதடு வெளுத்து, நாடி நிமிஷத்துக்கு நூற்று நாற்பது. என் முகத்தைப் பார்த்து, "எம்புள்ள பால் குடிச்சிருச்சா?" என்று மட்டும் கேட்டாள். பக்கத்து வீட்டில் யாரோ கொடுத்திருந்தார்கள். கூரையின் இரண்டு கீற்றுகளைச் செல்லையா பிடுங்கி வெளிச்சம் விட்டார். அடுப்பை அணைக்கச் செய்தேன்.

ஈதர் சொட்டச் சொட்ட அவள் தூங்கினாள். முகமூடியில் மருந்தைச் சொட்டவிட ஆள் வேண்டியிருந்தது. காதரைத்தான் கூப்பிட்டேன். அவள் தலைமாட்டில் நின்று, முகமூடியைத் தவிர வேறெங்கும் பார்க்காமல், நான் "சொட்டு" என்றபோது சொட்டவிட்டு, "நிறுத்து" என்றபோது நிறுத்தினார். நஞ்சு முழுதாக வந்தது. கடைசித் துணுக்கைத் தடவிப் பார்த்து நான் கையை எடுத்தபோது அவள் முனகத் தொடங்கியிருந்தாள். புட்டியைக் காதர் கவிழ்த்துக் காட்டினார். ஒன்றுமில்லை. மூன்று அவுன்ஸ் சரியாகப் போதுமானதாக இருந்தது. மூன்றரை இருந்திருந்தால் இன்னும் நிம்மதியாக இருந்திருப்பேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

சலைன் ஏற்றினேன். ரத்தம் நின்றது. சாயங்காலம் செல்லையா வாசலில் போய் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். காதர் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஜீப்பின் எண்ணெயை ஒரு பானையில் வடித்துத் தெளியவைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை 9.00. காய்ச்சல் வராமல் பார்த்துக்கொள்ள அவளை மதுரைக்குக் கொண்டுபோக முடிவு செய்தேன். மழை வெறித்து வானம் தெளிந்திருந்தது. பின்னிருக்கையில் வைக்கோல் பரப்பி, மேலே ஜமுக்காளம் விரித்துப் படுக்கவைத்தோம். நான் அவள் தலைமாட்டில், முன்னால் செல்லையாவின் மடியில் குழந்தை. பேச்சியம்மாள் அதற்கு முன் மோட்டார் ஏறியதில்லை. திருவிழாவுக்குப் பேரையூர் போனதுதான் அவள் அதிகபட்சமாகப் போன தூரம்.

ஓடை ஒரே நாளில் கணுக்கால் அளவுக்கு இறங்கியிருந்தது. கல்லுப்பட்டியைத் தாண்டி ஒரு மேட்டில் ஏறும்போது அவள் தலையைத் தூக்க முயன்றாள். நான் முதுகுக்குக் கை கொடுத்துச் சாய்த்து உட்காரவைத்தேன். மேற்கே மலைகள் கழுவி வைத்ததுபோல் நீலமாக நின்றன. அவற்றின் காலடியிலிருந்து எங்கள் சக்கரம் வரை, கண்மாய்க்குக் கண்மாய், வயலுக்கு வயல், வெயிலில் தண்ணீர் மின்னிக்கொண்டே வந்தது. சென்னையில் என் வீட்டு மாடியிலிருந்து கடல் தெரியும். அதைப் பார்த்து நான் ஒருநாளும் பேச்சிழந்ததில்லை.

"அண்ணே" என்றாள் அவள். குரல் காற்றில் பாதி போயிற்று. "இம்புட்டும் நம்ம பக்கந்தானா?"

"நம்ம பக்கந்தான்" என்றார் செல்லையா.

அவள் கண்ணை எடுக்கவில்லை. என் விரல் அவள் மணிக்கட்டில் இருந்தது. நாடி எண்ணிக்கொண்டிருந்தேன். எண்பது வரை வந்தேன். பிறகு நானும் அவள் பார்த்த திசையில் பார்த்தேன், எண்ணிக்கை விட்டுப்போயிற்று.